காஸிஸா, மார்செயா? கலாங்க் படகுக்கு எங்கே ஏறுவது, அப்பா அம்மாவோடு

#1 கொங்கு_கார்த்தி

வணக்கம் மக்களே. லியோனில் இருக்கிறேன், வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஜூன் மூன்றாவது வாரம் கோவையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். பாரிஸ் எல்லாம் போன முறையே பார்த்தாகிவிட்டது. இந்த முறை மார்செய் பக்கம் மூன்று நாள் கூட்டிப்போய், வெள்ளைப் பாறை மலைகளுக்கு நடுவே கடல் நாக்கு நீட்டிக்கொண்டு உள்ளே போயிருக்குமே, கலாங்க் என்கிறார்கள், அதைப் படகில் காட்டலாம் என்று திட்டம்.

அப்பாவுக்கு 71, சர்க்கரை உண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் டாய்லெட் இல்லாமல் இருப்பது கஷ்டம். பொதுப்பணித் துறையில் அணை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்காவது பழைய கட்டுமானத்தைக் கண்டால் நின்றுவிடுவார், இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும். அம்மாவுக்கு 66, முழங்கால் வலி. மலைப்பாதையில் இறங்கிப் பார்ப்பதெல்லாம் நடக்காத காரியம், அதனால்தான் படகு. இரண்டு பேரும் சுத்த சைவம்.

தேடிப் பார்த்ததில் இரண்டு வழி தெரிகிறது. மார்செய் பழைய துறைமுகத்திலிருந்தே மூன்று மணி நேரத்துக்கு மேல் சுற்றி வரும் பெரிய படகு ஒன்று. இல்லையென்றால் பக்கத்தில் காஸிஸ் என்ற சின்ன ஊருக்குப் போய் அங்கிருந்து முக்கால் மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று ஓடும் சின்னப் படகுகள். போனவர்கள் சொல்லுங்கள். மார்செய் படகுக்கு இணையத்தில் இப்போதே பதிவு செய்துவிட்டால் நிம்மதி என்று கை துறுதுறுக்கிறது.

#2 லாசப்பல்_வாசி

பதிவு செய்யாதீர்கள். காஸிஸ் போங்கள். மற்றதைப் பிறகு வந்து எழுதுகிறேன், கடையில் கூட்டம்.

#3 துலூஸ்_தமிழன்

நான் மார்செய் கட்சி. போன வருடம் மாமனார் மாமியாரோடு பெரிய படகில்தான் போனோம். உள்ளே டாய்லெட் இருந்தது, கீழ்த்தளத்தில் நிழலில் உட்காரலாம், ரயில் மாறி பேருந்து ஏறி என்ற தொல்லை கிடையாது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் ஃப்ரியூல் தீவுகள், பழைய சிறைக்கோட்டை இருக்கும் இஃப் தீவு, அப்புறம் கரையோரமாகவே சோர்மியு, மோர்ஜியு என்று ஒவ்வொரு கலாங்காக வரும். ரியு தீவு பக்கம் கடந்தபோது ஒரு விஷயம் சொன்னார்கள். எழுத்தாளரும் விமானியுமான செந்த்-எக்சுபெரி 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து கிளம்பிக் காணாமல் போனார் இல்லையா, 1998இல் ஒரு மீனவர் வலையில் அவருடைய வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது இந்தத் தீவுக்குப் பக்கத்தில்தானாம். விமானத்தின் துண்டுகள்தான் என்று 2004இல் உறுதி செய்திருக்கிறார்கள். இதெல்லாம் முக்கால் மணிப் படகில் கிடைக்காது.

#4 லாசப்பல்_வாசி

துலூஸ் அண்ணா சொல்வது சரி, ஆனால் மார்செய் பக்கம் முதல் ஒரு மணி நேரம் திறந்த கடல். அது அமைதியாக இருந்தால் சொர்க்கம், இல்லாவிட்டால் 66 வயது அம்மாவைப் பாலித்தீன் பையோடு உட்கார வைக்கும் வேலை. காஸிஸில் துறைமுக வாயைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் முதல் கலாங்க் வந்துவிடும். டிக்கெட் படகுத்துறையில் இருக்கும் கூண்டிலேயே அன்றைக்கு அன்றைக்கு வாங்கலாம்.

மூன்று கலாங்க் சுற்று முக்கால் மணி. ஐந்து என்றால் ஒரு மணிக்குக் கொஞ்சம் மேலே. எட்டு, ஒன்பது என்று போனால் ஒன்றரை, இரண்டு மணி. அப்பாவின் கணக்குக்கு ஐந்துதான் பொருத்தம். ஏறுவதற்கு முன்னால் டாய்லெட் போகச் சொல்லிவிடுங்கள், சின்னப் படகில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம்.

#5 பாண்டி_மாமி

ஒரு சின்னத் திருத்தம் பிள்ளைகளா. ஊர்ப்பெயரைக் காஸிஸ் என்று சொன்னால் அங்கே உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள். கடைசி 'ஸ்' ஊமை. 'காஸிஸ்' என்றால் அந்தக் கருநீலப் பழம், சர்பத் போடுவார்களே அது. ஊர் வெறும் காசி.

#6 கொங்கு_கார்த்தி

காசியா!! அம்மாவிடம் இப்போதே போனில் சொல்லிவிட்டேன். எதிர்முனையில் ஐந்து நொடி சத்தமே இல்லை. அப்புறம் "கங்கை இருக்கா அங்க?" என்றார்.

#7 தலைசுற்றி

கடலுக்கு அடியில் ஆறே இருக்கிறது, நம் தளத்துப் புவியியல் மாணவர் 'சுண்ணாம்புக்கல்' வந்து சொல்வார். நான் இதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பிரான்சில் ஆறு குதிரைத்திறன் வரை உள்ள மோட்டார் படகை லைசென்ஸ் இல்லாமலே ஓட்டலாம். அந்தச் சட்டத்தை யாரோ என்னிடம் சொல்லித் தொலைத்துவிட்டார்கள். மனைவி, மச்சான், நான் மூன்று பேரும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். கடைப்பெயர் வேண்டாம், ஆள் பத்து நிமிடம் பாடம் எடுத்து, சாவியைக் கொடுத்து, முன்பணத்தை வாங்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மதியம் காற்று ஏறும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

காலையில் ராஜாக்கள் மாதிரிப் போனோம். போர்-பேன் என்ற கலாங்கில் கரை வரை பைன் மரம், அங்கே தண்ணீரில் இறங்கிக் குளித்து, ரொட்டி சாப்பிட்டு, மச்சான் தூங்கிக்கூட விட்டான். இரண்டரை மணிக்குத் திரும்பலாம் என்று கலாங்கின் வாயை விட்டு வெளியே வந்தால் கடல் வேறு ஆளாக மாறியிருந்தது. ஆறு குதிரைத்திறன் என்பது காற்றுக்கு எதிரே ஒரு கழுதை கூட இல்லை. எதிரே தெரிகிற அதே பாறையை இருபது நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நகரவே இல்லை. முன்பக்கம் ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் 'பொத்'தென்று விழும், விழும்போதெல்லாம் மனைவி என்னைப் பார்ப்பார். பேசவில்லை, பார்த்தார். நான் வாந்தி எடுத்துக்கொண்டே ஓட்டினேன். காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று பெரியவர்கள் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள்.

கார்த்தி, நீங்கள் கேட்கவே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், சொந்தமாக ஓட்டும் ஆசை மட்டும் வேண்டாம். இந்த இழைக்காகத்தான் பெயரையே இப்படி வைத்துக்கொண்டேன்.

#8 மயிலிட்டியான்

தலைசுற்றி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாரும் காசியா மார்செயா என்று நிற்கிறீர்கள், காற்று எங்கே நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடற்கரையில் பிறந்தவன், தொண்ணூறில் வெளிக்கிட்டு, சுற்றிச் சுழன்று இருபத்தைந்து வருடமாக மார்செயில் இருக்கிறேன். எங்கள் ஊரில் அப்பு காலையில் எழும்பினவுடன் முகம் கழுவ முதல் வாசலில் நின்று காற்றைப் பார்ப்பார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான், நாலும் நாலு மாதிரிக் கடலைத் தரும். இங்கே மிஸ்ட்ரால் என்பது வடமேற்குக் காற்று, எங்கள் கணக்கில் வடக்கு வாடைக்கும் மேற்குக் கச்சானுக்கும் நடுவில். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு புனல் மாதிரி, வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று அதற்குள் ஒடுங்கி வேகம் எடுத்து இந்தக் கரையில் வந்து கொட்டும். பலத்து அடித்தால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும்.

வெளியூர்ச் சனம் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. மிஸ்ட்ரால் அடிக்கும் நாளில் வானத்தில் ஒரு முகில் இருக்காது, துடைத்து வைத்த தட்டு மாதிரி நீலம். விடுதி யன்னலால் பார்த்துவிட்டு, ஆகா என்ன நாள் என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு வருவார்கள். கூண்டு பூட்டியிருக்கும். பிறகு ஏன் ஓடவில்லை என்று சண்டை. படகுக்காரன் வானத்தைப் பார்க்கிறதில்லை தம்பி, தண்ணீரின் தோலைப் பார்க்கிறான். வெளியே வெள்ளைக் குதிரை பாய்கிற மாதிரி நுரை தெரிந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

இன்னொன்று. மிஸ்ட்ரால் தரைப்பக்கமிருந்து வருவதால் காசிக்கு மலை கொஞ்சம் மறைப்பு, மிதமாக அடிக்கும்போது மார்செய்ப் பெரிய படகு நின்றாலும் காசியில் குறுகிய சுற்று ஓட வாய்ப்பு இருக்கிறது. ஆனால் தென்கிழக்கால் காற்று வந்தால் கதை மாறும். கலாங்க் எல்லாம் தெற்கைப் பார்த்துத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கின்றன, அலை நேரே உள்ளே போகும். அப்போது படகு ஓடினாலும் உள்ளே நுழையாமல் வாசலில் காட்டிவிட்டுத் திருப்புவார்கள். காசும் போய் காட்சியும் போய்.

ஆகவே மூன்று நாளில் எந்த நாள் படகு என்று இப்போது முடிவு செய்யாதீர்கள். வந்து இறங்கி, முதல் நாள் இரவு இங்கத்தைய வானிலைத் துறை மெத்தேயோ-பிரான்ஸின் கடல் அறிக்கையைப் பார்த்து, அதற்குப் பிறகு முடிவெடுங்கள். காலை முதல் படகு. மதியத்துக்கு மேல் வெயிலோடு கடற்காற்று ஏறும், மிஸ்ட்ரால் இல்லாத நாளிலும் ஏறும்.

#9 கொங்கு_கார்த்தி

ஐயா, நன்றி. கை துறுதுறுப்பு நின்றுவிட்டது. மூன்று நாளும் மிஸ்ட்ரால் அடித்தால்?

#10 மயிலிட்டியான்

மூன்று, ஆறு, ஒன்பது நாள் என்று மூன்றின் மடங்கில் அடிக்கும் என்பது இங்கத்தைய ஆட்களின் நம்பிக்கை. ஒன்றரை நாளில் நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். அடித்தால் அடிக்கட்டும், பார்க்க வேறு இடம் இருக்கிறது.

#11 சுண்ணாம்புக்கல்

அழைத்தீர்களா? எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் புவியியல் படிக்கிறேன், கலாங்க் எங்களுக்குக் களப்பயணம் போகும் இடம்.

பாறை முழுக்கச் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்துக் கடலடியில் படிந்தது. மழைநீரும் ஆறுகளும் வெட்டிய பள்ளத்தாக்குகள்தான் இவை. பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேலே தாழ்ந்திருந்தது, பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளத்தாக்கின் கீழ்ப்பாதி மூழ்கிவிட்டது. ஆகப் படகில் போகும்போது நீங்கள் ஒரு மலைப் பள்ளத்தாக்கின் நடு உயரத்தில் மிதக்கிறீர்கள். இதை அப்பாவிடம் சொல்லுங்கள், அணை கட்டியவருக்கு நீர்த்தேக்கம் என்றால் சட்டென்று பிடிபடும்.

இதற்கு மோர்ஜியு முனையில் ஒரு சாட்சி உண்டு. 1985இல் ஆன்றி கோஸ்கேர் என்ற முக்குளிப்பவர் 37 மீட்டர் ஆழத்தில் ஒரு துவாரத்தைக் கண்டு, மேல்நோக்கிப் போகும் நீண்ட சுரங்கத்தில் நீந்திப்போய் நீருக்கு மேலே இருக்கும் ஒரு குகைக்குள் தலையைத் தூக்கினார். பிற்பாடு பார்த்தால் சுவரில் மனிதக் கை அச்சுகள், குதிரை, காட்டெருமை, சீல், பென்குயின் போலிருக்கும் ஆக் பறவை. கை அச்சுகளின் வயது 27,000 ஆண்டுக்கும் மேல். அவர்கள் அந்தக் குகைக்கு நடந்து வந்தார்கள், கடற்கரை அப்போது பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1991இல் மூன்று முக்குளிப்பவர்கள் அந்தச் சுரங்கத்தில் வழி தப்பி இறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, இப்போது வாயை அடைத்துவிட்டார்கள். எட்டு, ஒன்பது கலாங்க் சுற்றில் அந்த முனை வரை போவார்கள், ஆனால் மேலே வெறும் பாறைதான் தெரியும். குகையின் நகலை 2022இல் மார்செய் துறைமுகத்தில் திறந்திருக்கிறார்கள், ஆறு பேர் உட்காரும் சின்ன வண்டியில் சுற்றிக் காட்டுவார்கள், நடக்கவே வேண்டாம். மயிலிட்டி ஐயா சொன்ன காற்றடிக்கும் நாளுக்கு அம்மாவின் முழங்காலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

தலைசுற்றி சொன்ன ஆறு: போர்-மியு கலாங்கின் அடியில் நிஜமாகவே நிலத்தடி ஆறு கடலில் கலக்கிறது. குளித்தால் ஓரிடத்தில் திடீரென்று சில்லிடும்.

#12 எதிர்க்கட்சி

எல்லோரும் தேன் தடவுகிறீர்கள், நான் கொஞ்சம் மிளகாய் போடுகிறேன். அந்த நீலத் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. கார்தான் ஊர் அலுமினா ஆலையின் செம்மண் கழிவைக் குழாய் வைத்து 1960களிலிருந்து 2015 முடியும் வரை காசிக்கு எதிரேயுள்ள கடலடிப் பள்ளத்தில் கொட்டினார்கள். 2012இல் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகும் மூன்று வருடம் கொட்டினார்கள். கோடையில் சுஜித்தோன் கலாங்கில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் இறங்கி, காலடி பட்டே மண் அரித்துப்போய், மரத்தின் வேர் வெளியே வந்துவிட்டது. படகு மட்டும் டீசலை ஊதிக்கொண்டு வரிசையாகப் போகலாமா?

#13 சுண்ணாம்புக்கல்

செம்மண் விஷயம் உண்மை, மறுக்கவில்லை, எங்கள் வகுப்பிலேயே வாரக்கணக்கில் அதைப் பேசியிருக்கிறோம். ஆனால் சுஜித்தோனுக்கு 2022 முதல் கோடையில் முன்பதிவு வைத்து நாளுக்கு 400 பேர் என்று வரம்பு போட்டுவிட்டார்கள். பதிவு இலவசம், செல்பேசியில் குறியீடு வரும், வழியில் ஆள் நின்று பார்ப்பார். அது நடந்து போகிறவர்களுக்கு. ஜூன் 1 முதல் செப்டம்பர் முடிய காட்டுத்தீ அபாயம் என்றால் நடைபாதைகளை அன்றைக்கு மூடிவிடுவார்கள், படகுக்கு அந்தச் சட்டம் இல்லை. முழங்கால் வலியோடு இருப்பவருக்குப் படகை விட்டால் வேறு வழி கிடையாது, அவரிடம் போய் டீசல் கணக்குப் பேசாதீர்கள்.

#14 எதிர்க்கட்சி

சரி, அம்மாவுக்காக வாபஸ். அப்பா மகனுக்கு இல்லை.

#15 பாண்டி_மாமி

சண்டை முடிந்ததா? கார்த்தி, மார்செயிலிருந்து காசிக்கு ரயில் அரை மணி கூட ஆகாது. ஆனால் ஸ்டேஷன் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி மேலே இருக்கிறது. நகரப் பேருந்து உண்டு, அம்மாவை நடக்க வைத்துவிடாதே. மார்செயின் காஸ்தெலான் பக்கத்திலிருந்து மலைப்பாதை வழியே பேருந்தும் வரும், வளைவு அதிகம், தலை சுற்றுபவர்களுக்கு ஆகாது.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. பனிஸ் என்று கேள். கடலைமாவைக் களி கிண்டி, ஆறவைத்து, வட்டமாக வெட்டி எண்ணெயில் பொரித்துத் தருவார்கள், மார்செய்க்காரர்களின் மாலைத் தீனி. அதோடு மீனைப் பொரித்த எண்ணெயா என்று மட்டும் கேட்டுக்கொள்.

பழைய துறைமுகத்தில் காற்றுக்காகக் காத்திருக்கும்போது அப்பாவிடம் ஒன்று சொல். 1910 ஜூலை 8, இந்த மார்செயில்தான் மோரியா கப்பலின் வட்ட ஜன்னல் வழியே சாவர்க்கர் கடலில் குதித்தார். கரையேறியவரைப் பிரெஞ்சுக் காவலர் பிடித்து ஆங்கிலேயரிடமே ஒப்படைத்துவிட்டார், அது சரியா தப்பா என்று ஹேக் நீதிமன்றம் வரை போய், 1911இல் ஆங்கிலேயர் பக்கம் தீர்ப்பானது. லண்டனில் அவரோடு இருந்த வரகனேரி வ.வே.சு. ஐயர் பிடிபடாமல் அதே 1910இல் நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்துவிட்டார். என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், முதன்முதலில் கால் வைத்ததும் இதே துறைமுகம்தான், ஆனால் அவர் சொன்னதெல்லாம் குளிரைப் பற்றி மட்டும்.

#16 தலைசுற்றி

படகில் வாந்தி வராமல் இருக்கப் போடும் மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லை. ஊரிலிருந்து வருபவர்களிடம் அவோமின் ஒரு அட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலே போட வேண்டும், படகில் ஏறிய பிறகு போட்டுப் பயன் இல்லை. தூக்கம் வரும். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரையோடு ஒத்துவருமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

#17 கொங்கு_கார்த்தி

மக்களே, வந்து சேர்ந்துவிட்டோம், நேற்று இரவு மார்செய். இன்று காலை வானம் துடைத்து வைத்த தட்டு. அப்பா ஜன்னலைத் திறந்து "நல்ல நாள்டா, கிளம்பு" என்றார். நான் மயிலிட்டி ஐயாவின் பதிவை உரக்கப் படித்துக் காட்டினேன். கீழே இறங்கித் துறைமுகத்துக்குப் போனால் பாய்மரக் கம்பங்களில் கயிறு அடித்து ஆயிரம் கரண்டி தட்டுகிற மாதிரிச் சத்தம், பெரிய படகின் கூண்டில் 'இன்று இல்லை' என்று அட்டை. இஃப் தீவில் இறக்குவதும் இல்லையாம். பதிவு செய்திருந்தால் இன்றுதான் செய்திருப்பேன். குகை நகலுக்குப் போகிறோம்.

#18 லாசப்பல்_வாசி

நாளைக்கும் அடிக்கும் போலிருக்கிறதே?

#19 கொங்கு_கார்த்தி

நாளை மதியத்துக்கு மேல் குறையும் என்று போட்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் காலைதான் நமக்கு. அன்று மாலை ரயில்.

#20 கொங்கு_கார்த்தி

போய்விட்டு வந்து இரண்டு நாள் ஆகிறது, இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழன் காலை முதல் ரயில், ஸ்டேஷனிலிருந்து பேருந்து, கூண்டு திறக்கும்போது எங்களுக்கு முன்னால் ஆறே பேர். ஐந்து கலாங்க். கடல் எண்ணெய் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்தது. எதிரே காப் கனாய் என்ற செம்மலை, 394 மீட்டர், செங்கல் சூளை மாதிரி. படகில் ஏறும்போது மாலுமிப் பையன் அம்மாவின் முழங்கையைப் பிடித்து "மதாம், மெதுவாக" என்று பிரெஞ்சில் சொல்ல, அம்மா "சரி தம்பி" என்று தமிழில் சொன்னார், இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

போர்-மியு நீளமான கலாங்க், உள்ளே நூற்றுக்கணக்கில் படகு கட்டியிருக்கிறார்கள். அதன் வாயில் பழைய கல் குவாரி. பாறையில் கட்டிய கல் தொட்டிகளும் சரிவுகளும் இன்னமும் இருக்கின்றன, மேலே வெட்டிய கல்லை அதன் வழியே இறக்கி நேராகக் கப்பலில் கொட்டுவார்களாம். சூயஸ் கால்வாய்க்குக்கூட இந்தக் கல் போனதாகச் சொல்கிறார்கள். அப்பா எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்கள், அவருக்கு அது பிரெஞ்சு என்பதால் கேட்கவில்லை, நான் சொன்னது தமிழ் என்றாலும் கேட்கவில்லை. "இறக்கத்தைப் பாரு, கோணத்தைப் பாரு, மோட்டாரே வேண்டாம்டா, கல்லு தானா வந்து விழும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்றாவதுதான் ஆன்-வோ. படங்களில் பார்க்கும் இடம் அதுதான். வாய்க்குள் நுழையும்போது இன்ஜினை அடக்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் இன்னும் நிழல், ஒரு பக்கம் கண் கூசும் வெயில். பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் யாரும் சொல்லாமலே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடவுளின் விரல் என்று பெயர் வைத்திருக்கும் ஒற்றைப் பாறையில் இரண்டு பேர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் சுத்தியலால் எதையோ தட்ட, அந்தச் சத்தம் எதிர்ச்சுவரில் பட்டு ஒரு நொடி கழித்து எங்களிடம் வந்தது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல் ஒவ்வொன்றும் தெரிகிறது, படகின் நிழல் அந்தக் கல்மேல் விழுந்து எங்களோடு கூடவே வருகிறது. அம்மா வெகு நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "யாரோ சொட்டு நீலம் அதிகமாப் போட்டுட்டாங்க" என்றார். கோடி முறை வேட்டி அலசியவருக்கு வேறு என்ன தோன்றும்?

உள்ளே திரும்ப இடமே இல்லை, ஓட்டுநர் படகை நின்ற இடத்திலேயே அணியத்தைச் சுழற்றித் திருப்பினார், பாறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கட்டில் அகலம் இருந்திருக்கும். அடுத்து லூல், கரையே இல்லாத ஒரு பாறைக் குடம், நிலவழியாக அங்கே போக முடியாதாம். தெவன்சோன் பக்கம் மலை நேராகக் கடலில் இறங்குகிறது, அங்கேதான் லேசாக ஆட்டம் வந்தது. வந்த வேகத்தில் திரும்பிவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. அவோமின் போட்டுக்கொண்ட ஒரே ஆள் நான்தான், திரும்பி வருகையில் தூங்கியும் விட்டேன். வெட்கமாக இருக்கிறது.

குறை என்றால், விளக்கம் முழுக்க பிரெஞ்சு, அதுவும் வேகம். சுண்ணாம்புக்கல் எழுதியதை முந்தின இரவே படித்துக் காட்டியிருக்காவிட்டால் இவர்களுக்கு அது வெறும் பாறையும் தண்ணீரும்தான். இன்னொன்று, பதினொரு மணிக்கு நாங்கள் இறங்கும்போது கூண்டில் நூறு பேருக்கு மேல் வரிசை.

கரையில் இறங்கியதும் அப்பா வேகவேகமாகக் கூண்டுப் பக்கம் போனார். அடடா, இன்னொரு சுற்று கேட்கிறார், ஒன்பதே வாங்கித் தந்துவிடலாம் என்று பின்னாலேயே ஓடினேன். டாய்லெட் எங்கே என்று கேட்கப் போயிருக்கிறார்.

#21 துலூஸ்_தமிழன்

காசி ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன். குளித்தீர்களா?

#22 கொங்கு_கார்த்தி

ஊர்க் கடற்கரையில் கால் நனைத்ததோடு சரி. ஜூன் மாத மத்தியதரைக் கடல் என்று நம்பி இறங்கினால் ஐஸ். எப்படி இவ்வளவு குளிர்?

#23 மயிலிட்டியான்

அதுவும் மிஸ்ட்ரால் வேலைதான் தம்பி. இரண்டு நாள் அடித்ததில் மேலே சூடான தண்ணீரை வெளியே தள்ளிவிடும், அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் எழும்பி அந்த இடத்துக்கு வரும். ஆடி வெயிலிலும் ஒரே இரவில் அப்படி மாறும். காற்று நின்று நாலைந்து நாள் போனால்தான் திரும்பச் சூடாகும். ஆனால் அந்தத் தண்ணீர்தான் கண்ணாடி மாதிரித் தெளிவு. கல் ஒவ்வொன்றும் தெரிந்தது என்று எழுதினீர்களே, அது அதனால்தான்.

#24 தலைசுற்றி

எந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள்? மனைவி அடுத்த வருடம் இன்னொரு வாய்ப்புத் தருவதாகச் சொல்கிறார், வேறு ஒருவர் ஓட்டினால்.

#25 கொங்கு_கார்த்தி

பின்பக்கம் நடுவில். ஆட்டம் குறைவு, ஆனால் கொஞ்சம் புகை வரும். முன்பக்கம் காட்சி நன்றாக இருக்கும், சாரலும் இருக்கும். மாமி, பனிஸ் சாப்பிட்டோம், தனி எண்ணெய் என்று கடைக்காரர் சொன்னார். அம்மா இரண்டு தட்டு. "நம்ம பஜ்ஜிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்று பெயரும் வைத்துவிட்டார். செய்முறை கேட்கிறார்.

#26 பாண்டி_மாமி

கடலைமாவு கால் கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், உப்பு, ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய். பாதித் தண்ணீரைக் கொதிக்க வை, மீதியில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து ஊற்று. கை விடாமல் கிண்டு, கரண்டியை நிமிர்த்தினால் நிற்க வேண்டும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஆறினதும் விரல் கனத்துக்கு வெட்டிப் பொரி. சட்னி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல், மேலே மிளகுத்தூள் போதும்.